கண்ணாடி துடைத்த கிராணி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பழைய ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்களைப் பற்றித் தாங்கள் வெளியிடவிருக்கும் நினைவு மலருக்காக, எங்கள் அடுத்த வீட்டில் இருந்த கிராணியாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். ஆங்கிலம் அறியாத நம் மக்களுக்குச் சீனப் படங்களை விளக்கிச் சொன்ன முன்னோடி என்று தங்கள் கடிதம் அவரை வருணிக்கிறது. இனிமையான நினைவுகளாக இருந்தால் நலம் என்றும் எழுதியிருந்தீர்கள். என்னிடம் இனிமையானவை இல்லை. இருப்பவற்றை எழுதுகிறேன். அவர் பெயரை நான் குறிப்பிடவில்லை. மலரில் மற்றவர்கள் போதிய அளவு குறிப்பிட்டிருப்பார்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது. ஆகவே நடையில் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும். செய்தியில் குறை இராது.

அவரை நான் முதன்முதலில் ஒரு முதுகாகத்தான் அறிந்தேன். குடியிருப்பின் முகப்பில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் எந்தத் தாள் ஒட்டப்பட்டாலும், ஒட்டியவன் படியிறங்குவதற்குள் கிராணியார் அதன் முன் போய் நின்றுவிடுவார். உயரமானவர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தானிட்டிருப்பார். அந்த வெள்ளை முதுகுக்குப் பின்னால் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். எட்டிப் பார்த்து மட்டும் என்ன ஆகப்போகிறது? தாள் ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது மலாயில் இருக்கும். சரக்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி எங்கள் வரிசையில் அவர் ஒருவர்தான். மற்ற ஆண்கள் எல்லாரும், என் தந்தை உட்பட, தண்டவாளத்தில் வேலை செய்தவர்கள்.

"தள்ளி நில்லுங்க. நான் சொல்றேன்ல?" என்பார். பிறகு திரும்பி நின்று, ஒரு பக்கத் தாளை ஒரே வரியில் சொல்வார். "நாளைக்குத் தண்ணி வராது."

எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று யாராவது கேட்டால், "வராதுன்னா வராது. உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்பார். நாங்கள் குடம், அண்டா, குழந்தைகளின் குளியல் தொட்டி வரை நிரப்பி வைப்போம். மறுநாள் காலை எட்டு மணிக்கே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அவரிடம் போய்ச் சொன்னவர் எவருமில்லை.

"உங்களுக்காகத்தான் சொல்றேன்." இந்த வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று என்னால் கூற இயலாது. நல்ல குரல் அவருக்கு. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையேல் நான் வன்மத்தால் எழுதுவதாகத் தோன்றும். வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போன்ற கனத்த, நிதானமான குரல். அந்தக் குரலில் எது வந்தாலும் அது அச்சில் வந்தது போலிருக்கும்.

எதிர் வீட்டுப் பெரியம்மா ஒருவருக்கு விலாவில் வலி. மருத்துவமனைக்குக் கிராணியாரே அழைத்துப் போனார்; மருத்துவர் ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரர். துணைக்கு நானும் போயிருந்தேன். பெரியம்மா வலி எங்கே தொடங்குகிறது, எப்படி முதுகுக்குப் போகிறது, சோறு உண்டபின் எப்படி இருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கிராணியார் மருத்துவரிடம் இரண்டே சொற்கள் சொன்னார். மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையால் வயிற்றின் படம் வரைவது போல் காற்றில் வரைந்து, வெகுநேரம் பேசினார். கிராணியார் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுப் பெரியம்மாவிடம் திரும்பினார்.

"புளியக் குறைக்கச் சொல்றாரு."

"அம்மாடி, அவ்வளவு நேரம் பேசினாரே?"

"அதத்தான் அவங்க இங்கிலீஷ்ல நீட்டிச் சொல்வாங்க."

பெரியம்மா புளியைக் குறைத்தார். வலி குறையவில்லை. அது தனிக் கதை.

இப்போது தாங்கள் கேட்ட படக்கொட்டகைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை பகலில் மலிவுக் காட்சி உண்டு. எங்கள் தெரு முனையிலிருந்து நடக்கும் தூரந்தான் கொட்டகை. தமிழ்ப் படம் இல்லாத வாரங்களில் சீன வாள்சண்டைப் படம் ஓடும். பேச்சு சீனத்தில், திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். நடு வரிசையின் நடு இருக்கை கிராணியாருடையது. அவரைச் சுற்றி மூன்று வரிசைகளில் எங்கள் குடியிருப்புப் பெண்களும் முதியவர்களும் அமர்வோம். கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கி அவர் கையில் கொடுப்பார்கள். அவர் அதை உண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், வாய் வேலையில் இருப்பதால். மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, எழுத்து ஓடியபின் ஒரு விநாடி கழித்துத் தமிழில் சொல்வார். முன்வரிசைச் சீனர்கள் எப்போதாவது திரும்பிப் பார்த்து 'உஸ்' என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இனக் கலவரத்துக்குப் பின் ஊரடங்கு விலகிக் கொட்டகைகள் மறுபடி திறந்திருந்த காலம் அது. தெருவில் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கத் தயங்கியவர்கள், விளக்கு அணைந்ததும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஒருவர் சத்தத்தை மற்றவர் பொறுத்துக்கொண்டோம்.

அப்படி ஓடிய ஒரு படத்துக்குக் கிராணியார் தாமே ஒரு பெயர் வைத்தார்: "சேனாதிபதி மகன்". எங்கள் குடியிருப்பில் இருந்து இன்று எஞ்சியிருப்பவர்கள் அந்தப் பெயரால்தான் அதை அறிவார்கள்.

கதை இதுதான். ஒரு சேனாதிபதியையும் அவருடைய மூத்த மகனையும் கொள்ளைக்கூட்டத் தலைவன் ஒருவன் சிறைப்பிடித்து வைத்திருக்கிறான். அவர்களை மீட்க, ஆண் உடையில் ஓர் இளையவர் தனியாக ஆற்றங்கரைப் பட்டணத்துக்கு வருகிறார். அந்த வேடத்தில் நடித்தவர் ஒரு பெண். அது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் பெண்கள் குழம்பினார்கள். கிராணியார் தெளிவுபடுத்தினார்.

"நம்ம நாடகத்துல பொம்பளை ராஜபார்ட் கட்றதில்லியா? அந்த மாதிரிதான். நடிக்கிறது பொம்பளை, பாத்திரம் ஆம்பளை. சேனாதிபதியோட சின்ன மகன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஊரிலிருந்து வந்த நாடகக் கோஷ்டிகளில் பெண்கள் கிரீடம் வைத்து அரசனாக நடித்ததை மூத்தவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். ஆகவே அதில் ஐயமே எழவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த என் அக்கா மட்டும் தலையாட்டவில்லை. அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது, எனக்குப் பதினான்கு.

பிறகு தேநீர்க் கடைக் காட்சி வந்தது. இளையவர் ஒரு பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்துகிறார். கொள்ளையர் ஒன்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் குனிந்து, பெஞ்சின் ஒரு காலை வெட்டுகிறான். இன்னொருவன் அடுத்த காலை வெட்டுகிறான். நான்கு கால்களும் போய்ப் பலகை தரையில் விழுகிறது. இளையவர் விழவில்லை. இருந்த உயரத்திலேயே, ஒன்றுமில்லாத இடத்தில், தம் கால்களின் பலத்தில் அமர்ந்தபடி கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, மூடியை மூடி வைக்கிறார். அதன்பின்தான் எழுகிறார். ஏறத்தாழ நான்கு நிமிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆகையால் கிராணியாருக்கும் வேலை இல்லை. அவர் குறுக்கே நிற்காமல் என் வாழ்வில் நான் கண்ட நான்கு நிமிடம் அது. கொட்டகை முழுவதும், சீனர், மலாய்க்காரர், நாங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டோம்.

படத்தின் நடுப்பகுதியில் கொள்ளைத் தலைவன் வாள் நுனியால் அந்த இளையவரின் தலைப்பாகையைத் தட்டிவிடுகிறான். கூந்தல் இடுப்பு வரை சரிகிறது. அவன் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறான். அடியில் ஒரு சிறு வரி ஓடியது.

கிராணியார் பேசவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்தார். ஒரு வில்லையைத் துடைத்தார், மற்றொன்றையும் துடைத்தார். மாட்டிக்கொண்டார். அதற்குள் அந்த வரி போய்விட்டிருந்தது.

"'சேனாதிபதி மகனே, உன்னை விடமாட்டேன்'ங்கிறான்" என்றார், அந்தக் கனத்த குரலில்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"இல்ல கிராணி மாமா! அது பொம்பளை!"

"உட்காரு புள்ள. சீனாக்காரன் எல்லாம் அந்தக் காலத்துல முடி வளத்தவன்தான். ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

"பாத்தாலே தெரியுது மாமா. பெஞ்சு போனப்ப இடுப்ப எப்படி வெச்சிருந்தா, பாத்தீங்கல்ல? அது பொம்பளைதான்."

கிராணியார் திரும்பினார். மூன்று வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்: "இடுப்பப் பாக்கவா டிக்கெட் எடுத்துட்டு வந்தே?"

மூன்று வரிசையும் சிரித்தது. ஐயா, அம்மையாரே, நானும் சிரித்தேன். அதை மறைத்தால் இந்தக் குறிப்பை எழுத எனக்கு உரிமை இல்லை.

அன்று மாலை அக்கா என்னை இழுத்துக்கொண்டு சீனத்து மளிகைக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். அக்கா கேட்டதும் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஐயோ, அது பொண்ணுலா தங்கச்சி! ஜெனரல் மக. ஆம்பளை சட்டை போட்டிருக்கு, அவ்ளோதான். சின்ன பிள்ளைக்கும் தெரியும்லா."

அக்கா ஓட்டமாக வந்து கிராணியார் வாசலில் நின்று அதைச் சொன்னார். அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். கிராணியார் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, மிகவும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்தாவது தெரியுமா?"

"தெரியாது மாமா. ஆனா அவங்க பாஷைதானே..."

"கீழ என்னா போட்டிருக்குன்னு படிக்கத் தெரியாத பொம்பளை, கதை என்னான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

சீனப் படத்தைச் சீனத்தி புரிந்துகொண்டிருக்க முடியாது என்று அவர் நிறுவிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். இன்று எழுதும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது; அன்று எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் அவர் என் தந்தையிடம் வந்தார். "வயசுப் புள்ள. கொட்டகையில எந்திரிச்சு நின்னு கத்துது. ஆம்பளை இடுப்பப் பத்திப் பேசுது. எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்காகத்தான் சொல்றேன்." அப்பா அக்காவை அடிக்கவில்லை, திட்டவில்லை. அக்காவைக் கொட்டகைக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தினார். குடியிருப்புப் பெண்கள் குழாயடியில் அக்காவைக் கண்டால், "என்னா, இன்னைக்கு யாரு இடுப்பு?" என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அக்காவின் பேச்சில் ஒன்று மாறியது. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. "பார்த்தேன்" என்ற சொல்லை அவர் விட்டுவிட்டார். "பார்த்த மாதிரி இருந்துச்சு" என்றே சொல்வார். மழை வருகிறதா என்றால், "வர்ற மாதிரி இருக்கு." அப்பா வந்துவிட்டாரா என்றால், "வந்த மாதிரி இருந்துச்சு." மழையில் சட்டை நனைந்து நின்றுகொண்டும் அப்படியே சொல்வார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை காப்பிக் கோப்பையை எடுத்த கையை அக்கா பார்த்திருக்கிறார். அவர்கள் போன பின் அப்பாவிடம், "கை நடுங்கின மாதிரி இருந்துச்சுப்பா" என்றார். அப்பா கேட்டார்: "நடுங்கிச்சா, நடுங்கலையா? சரியாச் சொல்லு." அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலப்பா" என்றார். அந்தக் கை எதனால் நடுங்கியது என்பது கல்யாணமான இரண்டாம் வாரத்தில் தெரிந்தது. கிள்ளானில் அந்தக் குடிகாரரோடு அக்கா பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தார். இதற்கும் கிராணியாரைப் பொறுப்பாக்குவது முறையல்ல என்று தாங்கள் சொல்லக்கூடும். நானும் பல முறை அப்படி எண்ணிப் பார்த்திருக்கிறேன். பிறகும் பொறுப்பாக்குகிறேன்.

என் வரையில், இனி எனக்காக எவரும் எதையும் வாசிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதே கொட்டகையில், அவர் குரல் எட்டாத பக்கவாட்டு இருக்கையில் தனியாக அமர்ந்து, அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்தே ஆங்கிலம் கற்றேன். தையல் கடையில் வேலைக்குப் போன பிறகு, துணி சுற்றி வரும் பழைய ஆங்கில நாளிதழ்களைப் பிரித்து வைத்துக்கொண்டு அகராதியோடு படித்தேன். ஐந்தாறு ஆண்டுகள் பிடித்தன. ஆனால் "சேனாதிபதி மகன்" அதற்குள் கொட்டகையை விட்டுப் போய்விட்டது. திரும்பவும் வரவில்லை.

கிராணியாரை நான் கடைசியாகக் கண்டது கிள்ளானில் ஒரு கண் மருத்துவமனையில். ஓய்வு பெற்று, மனைவியை இழந்து, தனியாக இருந்தார். இரு கண்களிலும் புரை விழுந்திருந்தது. அக்காவின் கண்ணைக் காட்டுவதற்காக நான் போயிருந்தேன்; அக்கா உள்ளே மருத்துவரிடம் இருந்தார். அவர் கையில் அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் இருந்தது. என் குரலை அடையாளம் கண்டு, "கொஞ்சம் என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார்.

நான் அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்தேன். தலைப்பிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொன்னேன். நேரக்கூடிய கெடுதல்கள் எட்டு இருந்தன, எட்டையும் சொன்னேன். பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்துகளையும், அச்சகத்தின் பெயரையும் வாசித்தேன்.

"போதும்மா. கையெழுத்து எங்க போடணும்னு சொல்லு."

"இன்னும் ரெண்டாம் பக்கம் இருக்கு மாமா."

"அதெல்லாம் வேண்டாம்."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றேன்.

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. புரிந்ததோ என்னவோ. இரண்டாம் பக்கத்தையும் முழுதாக வாசித்து முடித்த பிறகே பேனாவைக் கொடுத்தேன். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

இப்போது அக்காவின் கண்களும் போய்க்கொண்டிருக்கின்றன. வேறு நோய், பார்வையின் நடுப்பகுதி அழிந்துவிட்டது. ஓரத்தில் அசைவது தெரியும். எழுத்தும் முகமும் தெரியா. சென்ற மாதம் கோலாலம்பூரில் ஒரு திரைப்படக் குழுவினர் அந்தப் படத்தைப் புதுப்பித்த பிரதியில் திரையிடுவதாக நாளிதழில் கண்டேன். விளம்பரப் படத்தில் தேநீர்க் கோப்பையும் கால் இல்லாத பெஞ்சும் இருந்தன. அக்காவின் மகள் காரில் அழைத்துவந்து எங்களை வாசலில் இறக்கிவிட்டாள். சிறிய அரங்கம். எங்களைத் தவிர அனைவரும் இளையவர்கள்.

படத்துக்கு முன் ஓர் இளம் சீனப் பெண் ஆங்கிலத்தில் விளக்கினார். நான் அக்காவின் காதில் தமிழாக்கிக்கொண்டே வந்தேன். அந்தப் படங்களை எடுத்தவர்களில் பலர் சீனாவிலிருந்து ஹாங்காங்குக்கு இடம் பெயர்ந்தவர்கள். சண்டையிட்டவர்களில் பலர் சிறு வயதிலேயே சீன நாடகப் பள்ளிகளில் அடி வாங்கிக் குட்டிக்கரணம் பழகியவர்கள். கிள்ளான், ஈப்போ, பினாங்கு போன்ற நம் ஊர்க் கொட்டகைகளை எதிர்பார்த்தே அப்படங்கள் எடுக்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை, அங்கே பாட்டுப் படங்களில் நடிகைகள் ஆண் பாத்திரத்தை ஆணாகவே ஏற்று நடிப்பது வழக்கமாயிருந்தது.

நான் தமிழாக்குவதை நிறுத்திவிட்டேன்.

அப்படியானால் கிராணியார் முதலில் சொன்னது அறிவீனமல்ல. நம் நாடகத்திலும் அவர்கள் படத்திலும் இருந்த ஒரே வழக்கத்தை வைத்து நியாயமாகவே தவறியிருக்கிறார். இந்தப் படம் அந்த வழக்கத்தை உடைத்ததனால்தான் பெரிய படம் என்று அந்தப் பெண் தொடர்ந்தார். இங்கே பெண் நடிகை ஆணாக நடிக்கவில்லை. சேனாதிபதியின் மகள், தான் பெண் என்று அறிந்தே, ஆண் உடை அணிந்து போகிறாள். பாட்டு இல்லை, காதல் இல்லை. ஒரு பெண் வாளோடு தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். சில ஆண்டுகளில் சட்டையில்லாத ஆண் வீரர்கள் வந்து அவள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி தொடங்கி, இவ்வளவையும் அக்காவுக்குச் சொன்னேன்.

படம் ஓடியது. நான் வாசித்தேன். தேநீர்க் கடையில் பெஞ்சின் கால்கள் போனபோது அக்கா தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு தலைப்பாகை விழுந்தது, கூந்தல் சரிந்தது. கொள்ளைத் தலைவன் சிரித்தான். அடியில் அந்த வரி வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நான் காத்திருந்த வரி.

"'சேனாதிபதி தன் மகளையா அனுப்பினான்?'" என்று வாசித்தேன்.

மகள் என்று தெளிவாக எழுதியிருந்தது. கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் அவர் அதைப் படித்திருக்கிறார். படித்த பிறகே கழற்றியிருக்கிறார். நான் குற்றம் சாட்டுவது அவருடைய தவற்றை அல்ல, ஐயா. இரண்டு வில்லைகளைத் துடைக்க அவர் எடுத்துக்கொண்ட அந்த நேரத்தை. "நான் தப்பாச் சொல்லிட்டேன், அது பொம்பளைதான்" என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை.

கடைசிக் காட்சி. தலைவன் வீழ்ந்து, சேனாதிபதியும் மூத்த மகனும் விடுதலையாகி வீடு திரும்புகிறார்கள். அவள் இரத்தம் உலராத வாளோடு முற்றத்தில் நிற்கிறாள். அன்று கிராணியார் இந்த இடத்தில் சொன்னது எனக்கு மனப்பாடம்: "'உன்ன மாதிரி ஒரு பிள்ளை எனக்குப் போதும்'ங்கிறாரு அப்பா." குடியிருப்புப் பெண்கள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்காவும் நானும் துடைத்துக்கொண்டோம்.

திரையில் தந்தை பேசினார். அடியில் ஓடியது வேறு: வாளை அண்ணனிடம் கொடு. உள்ளே போய் உடையை மாற்றிக்கொள்.

என் வாய் திறந்து நின்றது. அந்தப் பழைய வரி நாவின் நுனியில் தயாராக இருந்தது. அதுவே நல்ல வரி. பக்கத்தில் இருந்தவர் எழுபத்தைந்து வயதை நெருங்கும், முழங்கால் தேய்ந்த, கண்ணிழந்துகொண்டிருக்கும் பெண். அவருக்கு ஒரு வரியை மாற்றிச் சொல்வதால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? அவருக்காகத்தானே சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன்.

இருட்டில் அக்காவின் குரல் வந்தது.

"என்னடி, கண்ணாடி துடைக்கிறியா?"

நான் இருந்ததை இருந்தபடி வாசித்தேன். அவள் வாளைக் கொடுத்தாள். உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. சாத்திய கதவின் மேல் படம் முடிந்தது.

"சாத்திட்டாங்களா?" என்றார் அக்கா.

"சாத்திட்டாங்கக்கா."

"ம். சாத்தட்டும். உள்ள பெஞ்சு இருந்தாலும் இல்லாட்டியும் அவ உட்காந்துதான் இருப்பா."

விளக்குகள் எரிந்தன. அந்த இளம் பெண் முன்னால் வந்து, படம் முதலில் வெளிவந்தபோது பார்த்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் கேட்டார். நான் அக்காவுக்குச் சொல்வதற்குள் அக்கா முன்னிருக்கையைப் பற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த முழங்கால்களோடு அவர் அப்படி எழுந்து நான் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை.

"நான் பார்த்தேன்" என்றார் தமிழில், அரங்கம் முழுதும் கேட்கும்படி. "பிரிக்பீல்ட்ஸ்ல பார்த்தேன். அது பொம்பளைன்னு அன்னைக்கே சொன்னேன்."

அங்கே ஒருவருக்கும் தமிழ் புரிந்திருக்காது. கைதட்டினார்கள். "என்ன சொல்றாங்க ஆன்டி?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

இரண்டு பக்கம் கேட்டிருந்தீர்கள், மிகுந்துவிட்டது. மலரின் இயல்புக்கு இது ஒத்துவராது என்பதை அறிவேன். அவர் படத்துக்கு மாலை போட்டு, முன்னோடி என்று அச்சிடுங்கள், தடுக்க மாட்டேன். இந்தத் தாள்களைச் சுருக்காமல், திருத்தாமல், அவரைப் பற்றிய மற்றக் கட்டுரைகள் இருக்கும் அதே கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.